பெயர் எழுதிய தாள்

அலுமாரியின் அடித்தட்டில் பழைய கொப்பியொன்று அகப்பட்டால், கைவேலையை அப்படியே விட்டுவிட்டு அதைப் புரட்டத் தொடங்கிவிடுகிறோம். அச்சிட்ட புத்தகம் எல்லோருடனும் பேசும். கையால் எழுதிய கொப்பியோ எழுதியவருடன் மட்டுமே பேசிக்கொண்டிருக்கும். அதனால்தான் பிறருடைய கொப்பியைத் திறக்கும்போது, வீட்டு வாசலில் ஸலாம் சொல்லிவிட்டுக் காத்து நிற்பது போன்ற தயக்கம் வருகிறது.

இம்முறை அப்படிச் சில கொப்பிகளைப் பற்றிச் சொல்கிறேன், சகோதரிகளே. அவை பிரான்ஸ் நாட்டு ஓவியர் இயூஜீன் டெலாக்குருவாவுடையவை. 1830இல் பிரான்ஸ் அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. அதன் பின்னர் அயல்நாடான மொரோக்கோவின் சுல்தான் மௌலாய் அப்துர் ரஹ்மானிடம் பிரான்ஸ் ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. 33 வயது டெலாக்குருவாவும் அதனுடன் சேர்ந்து, 1832 ஜனவரியில் தாஞ்சியரில் வந்திறங்கினார். மார்ச் 22இல் மெக்னஸ் நகரில் சுல்தான் அவர்களுக்குப் பேட்டியளித்தார்.

வழிநெடுகிலும் ஓவியரின் கையில் சிறு கொப்பிகள் இருந்தன. ஒரே பக்கத்தில் எழுத்தும் படமும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். வளைந்த வாசல், குதிரை, போர்வைக்குள் ஒடுங்கியிருக்கும் மனிதர்; பக்கத்திலேயே நிறங்களின் பெயர்கள் அவசர எழுத்தில். யாருக்கும் காட்டுவதற்காக அவர் இவற்றை எழுதவில்லை. தாம் மறந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதினார். இன்று அவற்றுள் சில பாரிஸின் லூவர் நூதனசாலையில் உள்ளன.

முஸ்லிம் வீடுகளின் கதவு அந்நிய ஆணான அவருக்குத் திறக்கவில்லை. தாஞ்சியரில் யூதக் குடும்பங்களே அவரை உள்ளே அழைத்தன. அங்கு கண்ட ஒரு கல்யாண வீட்டைப் பின்னர் பெரிய ஓவியமாக வரைந்தார்.

ஜூன் மாதம், திரும்பும் வழியில் அல்ஜியர்ஸில் சில நாட்கள் தங்கினார். அங்கே ஒரு வீட்டின் பெண்கள் பகுதிக்குள் செல்ல அவருக்கு வழி செய்து கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ஆட்சி கைமாறிய ஊரில், அந்தப் பெண்களிடம் யார் சம்மதம் கேட்டிருப்பார்கள்? இந்தக் கேள்வி என் மனதை உறுத்துகிறது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் அங்கு தீட்டிய தாள்களில், உருவங்களின் அருகே பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறார். மூனி என்றும் ஸோஹ்ரா என்றும் வாசிக்க முடிகிறது. 1834இல் பாரிஸில் அவர் காட்சிக்கு வைத்த பெரிய ஓவியத்திலோ அந்தப் பெயர்கள் இல்லை. அவர்கள் வெறும் 'அல்ஜியர்ஸ் பெண்கள்' ஆகிவிட்டார்கள். உலகம் பார்த்தது அந்த ஓவியத்தைத்தான். கீழைத்தேயப் பெண் என்றால் மெத்தையில் சாய்ந்து சும்மா இருப்பவள் என்ற எண்ணம் பரவ அதுவும் ஒரு காரணமாயிற்று. தாளில் ஆளாக இருந்தவள் சட்டகத்துக்குள் அலங்காரமாகிவிட்டாள்.

1980இல் அல்ஜீரிய எழுத்தாளர் ஆசியா ஜெபார் அதே ஓவியத்தின் தலைப்பைத் தமது கதைத் தொகுதிக்கு வைத்தார். அதில் அல்ஜீரியப் பெண்களே பேசுகிறார்கள்.

நம் வீட்டுக் கொப்பிகளில் பலகாரக் கணக்கும் பிள்ளைகள் பிறந்த திகதியும் இருக்கும். எழுதியவளின் பெயர் பெரும்பாலும் இராது. இன்றே முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். நம்மைப் பற்றி நாம் எழுதாவிட்டால், வாசலில் நின்று பார்த்தவர் எழுதியதே நிலைத்துவிடும்.