நான்கு கிலோபைட்டின் மீது சுமத்தப்பட்ட புகழ்

வசதி குறையக் குறையக் கற்பனை பெருகும் என்றொரு கொள்கை, சிறு கணினி விளையாட்டுகளைச் சமைப்போரிடையே வேதவாக்காக நிலைபெற்றுவிட்டது. அதற்குச் சாட்சியாக ஓயாமல் அழைக்கப்படுவது 1977-இல் வெளிவந்த அடாரி 2600 என்னும் யந்திரம்: 128 பைட் நினைவகம், பெரும்பாலும் 4 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டிய நிரல், முழுத் திரையைச் சேமித்துவைக்க இடமில்லாமையால் தொலைக்காட்சியின் மின்கற்றை கோடு கோடாக இறங்கும் வேகத்திற்கு ஈடுகொடுத்து அந்தந்தக் கணத்திலேயே சித்திரம் தீட்டவேண்டிய நிர்ப்பந்தம். இந்த இடுக்கிலிருந்துதான் 1982-இல் டேவிட் கிரேன் ‘பிட்ஃபால்’ ஆட்டத்தைப் படைத்தார் என்பது மெய்யே. அதன் 255 காட்சிகளில் ஒன்றையும் சேமித்துவைக்காமல், ஒரே ஒரு பைட்டை முன்னும் பின்னும் உருட்டி, அதன் எட்டுப் பிட்டுகளிலிருந்தே மரத்தையும் குழியையும் முதலையையும் அவர் வருவித்ததையும், கடந்துபோன காடு திரும்பிவருகையில் மாறாமல் அப்படியே நின்றதையும் நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆயினும், அதே ஆண்டில், அதே யந்திரத்திற்கு, அதே 4 கிலோபைட்டில் ‘பேக்-மேனும்’ வந்தது என்பதை இந்த அன்பர்கள் சொல்வதில்லை. அதில் நான்கு பேய்களும் ஒரே உருவத்தை முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டு மினுக்மினுக்கென்று தோன்றி மறைந்தன. லட்சக்கணக்கில் விற்றும், வாங்கியவர் பலர் முகஞ்சுளித்தனர். குறுக்கமே தாயென்றால், இவ்விரு பிள்ளைகளுக்கும் தாய் ஒருத்தியே அல்லவா?

பேக்-மேனை எழுதியவரைத் திறமையற்றவரென்று தள்ளுவதும் அநியாயம். விளையாட்டுக் கூடத்து யந்திரமொன்றுக்கெனப் பிறந்த ஆட்டத்தை, அதற்கு எவ்வகையிலும் ஒவ்வாத பெட்டிக்குள் பெயர்த்துத் தரும்படி அவருக்கு விதிக்கப்பட்டிருந்தது. கிரேனோ, அடாரியைவிட்டு வெளியேறிய நண்பர்களோடு 1979-இல் ஆக்டிவிஷனை நிறுவியவர்; ஓடும் மனிதன் ஒருவனை முன்னரே உருவாக்கிவைத்துக்கொண்டு, அவன் ஓடுவதற்கேற்ற காட்டைப் பிறகு தேடியவர். யந்திரத்தால் இயலாததை அதனிடம் கேளாதிருக்கும் சுதந்திரம் அவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை.

பட்டினி கிடப்பவனும் உண்ணவில்லை, விரதமிருப்பவனும் உண்ணவில்லை. இன்று ‘பிகோ-8’ என்னும் கற்பனை யந்திரத்தில், 16 நிறங்களோடும் 128-க்கு 128 புள்ளித் திரையோடும் ஆட்டம் சமைப்பவர் இரண்டாம் வகையினர். அவர் நினைத்த மாத்திரத்தில் எழுந்து வேறு பந்தியில் அமரலாம். (அதைப் பட்டினியென்று பெருமையடித்துக்கொள்வதுதான் சகிக்கவில்லை.)

1978-இன் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில் எதிரிகள் மடிய மடியச் சில்லின் சுமை குறைந்து, எஞ்சியவர்களின் வேகம் தானே கூடியதே, அது குறுக்கம் ஈந்த கொடையன்றோ என்று சிலர் மடக்குவர். யந்திரம் ஈந்தது ஒரு கோளாறை மட்டுமே. அதைத் திருத்தாமல் விட்டவர் அந்த ஆட்டத்தைப் படைத்த டோமோஹிரோ நிஷிகாடோ.