விடுமுறைப் பரிசும் விந்தைச் செய்தியும்

ஐப்பசி பிறந்தது முதல் தைத்திங்களின் முதல் வாரம் வரையில் நம் நாட்டில் நடப்பது ஈகைக் காலம். தீபாவளி முன்னே வருகின்றது. கிறிஸ்துமஸ் இடையே வருகின்றது. பொங்கல் இறுதியில் வந்து கணக்கை முடித்துவைக்கின்றது. இம்மூன்று திங்களிலும் மாமனார் மருமகனுக்கும், அண்ணன் தங்கைக்கும், முதலாளி தொழிலாளிக்கும், அரசாங்கத்தார் குடிமக்களுக்கும் ஏதேனும் கொடுத்தே தீரவேண்டும் என்பது வழக்கு. கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாத மாணவராகிய யாமோ, பெறுவதற்கு மட்டும் இரு கைகளையும் ஏந்திக் காத்திருக்கின்றோம். விரும்புவதற்குப் பொருட்செலவு இல்லையாதலின், எம் விருப்பங்களைச் சற்றுத் தாராளமாகவே எழுதிவைக்கத் துணிந்தோம். அதற்குமுன், அவ்விருப்பங்கள் எழுவதற்குக் காரணமாயிருந்த சில விந்தைச் செய்திகளை நண்பர்க்கு அறிவித்தல் முறையாகும்.

பண்டிகைக்கு மறுநாட்காலையில் பத்திரிகையைப் பிரித்தால், பட்டாசுச் செய்திக்குப் பக்கத்திலேயே ஒரு தேர்வு முடிவு வெளியாகியிருக்கும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம் என்னும் ஐந்து மண்டலங்களும் டாஸ்மாக் கடைகளில் எத்தனை கோடிக்கு மது வாங்கின, முதலிடம் பெற்றது எது, பின்தங்கியது எது என்று வரிசைப்படுத்திப் போட்டிருப்பார்கள். 2023 ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு இரண்டே நாட்களில் 400 கோடி ரூபாய்க்கு மேல் விற்றது என அச்சிட்டனர். எம் சேலம் மண்டலம் எத்தனையாவது இடத்தில் நிற்கின்றது என்று கண்கள் தாமே தேடுகின்றன. முன்னே நின்றால் வெட்கமும், பின்னே நின்றால் ஏனோ ஒரு சிறு வருத்தமும் தோன்றுகின்றன. கணக்கை வரிசைப்படுத்திவிட்டால், எதற்கு வரிசை என்பதை மனம் மறந்துவிடும் போலும்!

இதனினும் விந்தையான செய்திகள் உண்டு. நெடுஞ்சாலைகளுக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை இருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கேரளத்தில் வடக்கன் பறவூரில் ஒரு மதுச்சாலைக்காரர் கடையைப் பெயர்க்கவில்லை. வாயிலுக்கும் கடைக்கும் நடுவே, வளைந்து வளைந்து செல்லும் ஒரு சுவர்ப்பாதையைக் கட்டினார். சாலையிலிருந்து கடை இருந்த தொலைவு மாறவில்லை. நடக்கவேண்டிய தொலைவு மட்டும் 500 மீட்டரைக் கடந்துவிட்டது! அபிமன்யுவுக்குச் சக்கர வியூகத்தின் உள்ளே செல்லத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்பர். இவ்வியூகத்தினுள் தெளிவோடு நுழைந்தவர் தள்ளாடி வெளியேறும்போது பட்ட பாட்டை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

பீகார் மாகாணத்துச் செய்தி அதனையும் வென்றது. அங்கே 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், பறிமுதல் செய்து காவல் நிலையங்களில் அடுக்கி வைத்த மது குறைந்துபோனதேன் என்று மேலதிகாரிகள் வினவ, எலிகள் குடித்துவிட்டன என்று விடை வந்ததாம். எலி நெல்லைத் தின்னும், நூலைக் கத்தரிக்கும் என்று கேட்டிருக்கின்றோம். மூடி திறந்து குடிக்கும் வித்தையை அது யாரிடம் கற்றதோ யாம் அறியோம். எலிகள் பேசமாட்டா என்னும் ஒரு நற்குணத்தால், அவற்றின் பக்கத்து நியாயம் இன்றுவரை வெளிவரவில்லை.

இவற்றைப் படித்து நகைக்கும்போது, பக்கத்தில் ஒரு நண்பர், “சாராயத்தைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வோம், பீரை ஏன் சேர்க்கின்றீர்கள்? அது வாற்கோதுமைக் கஞ்சிதானே?” என்பர். இவ்வாதத்தைக் கேளாத மாணவர் விடுதி எதுவுமில்லை. வாற்கோதுமைக் கஞ்சியை வைத்தியர் கொடுப்பது உண்மை. அதை ஊறவைத்து முளைகட்டி நொதிக்கவிட்டபின் அது கஞ்சியன்று. கணிதம் கற்ற நண்பர்க்குக் கணக்கிலேயே விடை தருகின்றோம். கடுமையான பீர் என்று விற்பதில் நூற்றுக்கு எட்டுப் பங்கு வரையில் சாராயச்சத்து உண்டு. 650 மில்லி லிட்டர்ப் போத்தல் ஒன்றில் அது 52 மில்லி லிட்டர் ஆகின்றது. பிராந்தி முதலியவற்றில் நூற்றுக்கு 42.8 பங்கு; அதில் 30 மில்லி லிட்டர் அளந்து ஊற்றினால் சத்து ஏறக்குறைய 13 மில்லி லிட்டரே. ஆகவே ‘கஞ்சி’ ஒரு போத்தல் குடித்தவர், பிராந்தி நான்கு அளவு குடித்தவருக்குச் சமானமாகின்றார். பெயர் மெலிந்தது, பொருள் மெலியவில்லை.

இனி எம் ஜில்லாவின் பழங்கதைக்கு வருவோம். மதுவைப் பற்றிப் பேசச் சேலத்தாருக்கு மற்றெவரினும் உரிமை அதிகம். சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் சேலத்தில் வக்கீலாயிருந்தவர். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925 இல் காந்தி ஆசிரமம் கண்டு, 1929 இல் அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் பத்திரிகையை நடத்தினார். ‘கல்கி’ கிருஷ்ணமூர்த்தி அதில் அவருக்குத் துணையாயிருந்தார். பின்னர் அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானபோது, 1937 அக்டோபர் முதல் தேதியன்று மதுவிலக்கை முதன்முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது எம் சேலம் ஜில்லாவிலேதான். அன்றைய ஜில்லா இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. எம் ஆத்தூர் தாலூகாவும் அதில் ஒன்று. அவ்வாண்டுத் தீபாவளிக்கு ஆத்தூரான் ஒருவன் கள்ளுக்கடைக்குச் செல்ல நினைத்திருந்தால், கடை இல்லை. கைக்காசு எங்கே சென்றது? சென்னைப் பல்கலைக்கழகத்தார் பின்னர் இந்த ஜில்லாவில் ஆராய்ச்சி செய்தனர். குடி நின்ற வீடுகளில் உணவும் உடையும் முன்னினும் திருந்தின, கடன் தொல்லை தளர்ந்தது என்பன அவர்கள் கண்டவற்றுட் சில. பண்டிகைப் பரிசு என்றால் அதுவன்றோ பரிசு! கொடுத்தவர் மாமனாருமல்லர், முதலாளியுமல்லர்; தன் கூலியைத் தானே வீட்டுக்குக் கொண்டுவந்த குடும்பத் தலைவன்.

அக்கதையின் பிற்பகுதியில் நகைச்சுவை உண்டு. கள்ளுக்கடை வருமானம் போனதால் அரசாங்கப் பெட்டியில் ஓட்டை விழுந்தது. மதுவிலக்கு சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு ஜில்லாக்களுக்கும் பரவவே ஓட்டை பெரிதாயிற்று. அதை அடைக்க 1939 இல் விற்பனை வரி பிறந்தது. பழைய கறவையைத் தொழுவத்திலிருந்து விரட்டிப் புதிய கறவை வாங்கியதை ஒத்தது அது. எவரும் குறைகூற வழியில்லை. போர்க்காலத்தில் மந்திரிசபை இல்லாத வேளையில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. 1948 அக்டோபர் 2 இல் மாகாணம் முழுவதற்குமாகத் திரும்பி வந்தது. 1971 இல் கடைகள் திறந்தன. 1974 இல் மூடின. 1981 இல் மறுபடி திறந்தன. 1983 இல் டாஸ்மாக் நிறுவப்பெற்றது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையிலேயே வந்தது. இவ்வாறு பழைய கறவை தொழுவத்துக்குத் திரும்பிவிட்டது. புதிய கறவையை யாரேனும் அவிழ்த்துவிட்டனரோ? இல்லை. அது 2007 இல் மதிப்புக்கூட்டு வரி என்றும், 2017 இல் சரக்கு சேவை வரி என்றும் பெயர் மாற்றிக்கொண்டு நிற்கின்றது. மதுவோ அப்புதிய வரிக்குள் அடங்காமல் தனியே பால் சொரிகின்றது. ஒன்றுக்கு ஈடாக வந்த மற்றொன்றோடு, அந்த ஒன்றையும் சேர்த்துக் கறப்பதே இன்றைய நிலை.

மற்றொரு விந்தையும் காண்க. தூரதேசத்து முறையில் வடித்த பீர், மின்சாரப் பெட்டியில் குளிர்ந்து சட்டப்படி வீற்றிருக்கின்றது. நம் வயல்வரப்பில் நிற்கும் பனையின் கள்ளோ 1987 முதல் குற்றவாளி. பனையே நம் மாநிலத்தின் மரமாகவும் விளங்குகின்றது! கள்ளை விடுவிக்க வேண்டுமென்று யாம் வாதிடவில்லை. ஒன்றைத் தீது என்று விலக்கி, அதே தீதை வேறு போத்தலில் விற்கும் நியாயம் எமக்கு விளங்கவில்லை என்றே சொல்லுகின்றோம். போத்தல் என்றதும் நினைவுக்கு வருகின்றது: நீலகிரியில் 2022 முதல், காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திருப்பித் தருகின்ற ஏற்பாடு உயர்நீதிமன்ற ஆணையால் வந்தது. மலையும் யானையும் கண்ணாடித் துண்டுகளிலிருந்து தப்பும், நல்ல ஏற்பாடே. ஆயினும் உள்ளே இருந்ததைக் குடித்தவனுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு கடையும் இல்லை.

நகைப்பை இங்கே நிறுத்தவேண்டியிருக்கின்றது. ஆத்தூரிலிருந்து கிழக்கே செல்லும் பெருவழியில், தலைவாசலையும் சின்னசேலத்தையும் கடந்தால் கள்ளக்குறிச்சி. 2024 ஜூன் மாதத்தில் அங்கே கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எம் சேலத்து அரசு மருத்துவமனைக்கும் பலரைக் கொண்டுவந்தனர். தாய் தந்தை இருவரையும் ஒருங்கே இழந்த குழந்தைகளும் உண்டு. இது நிகழ்ந்தது கடைகள் மூடியிருந்த காலத்திலன்று. அரசாங்கக் கடைகள் திறந்திருந்த காலத்தில். கடையைத் திறந்துவைத்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்போர்க்கு அது ஒரு விடை. கடையை மூடினால் போதும், எல்லாம் ஒழியும் என்போரும் எலிகளின் கதையை மறத்தலாகாது. சட்டம் வேலி போன்றது. வேலி வேண்டும், ஆனால் வேலியே பயிரை விளைவிக்காது. பயிரைக் காப்பவன் வீட்டுக்குள் இருக்கின்றான். இதுவே எம் கருத்து.

இக்கருத்தை வைத்துக்கொண்டு எம் விருப்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகின்றோம்.

முதலாவது, பத்திரிகாசிரியர்களுக்கு. பண்டிகை மறுநாள் வரிசைப்பட்டியல் போடாமல் இருக்க முடியாதெனில், எம்மண்டலத்தில் எத்தனை புத்தகம் விற்றது, எத்தனை சேலை விற்றது, எத்தனை ஜோடிச் செருப்பு விற்றது என்று போடுக. முதலிடம் பெற்ற மண்டலத்தார் தலைநிமிர்ந்து நடக்கட்டும்.

இரண்டாவது, அரசாங்கத்தாருக்கு. பொங்கற் பரிசாகக் குடும்ப அட்டைக்கு 2021 இல் 2,500 ரூபாயும் 2023 இல் 1,000 ரூபாயும் கொடுத்தீர்கள். அக்காசு ஒரு சாளரத்தின் வழியே வந்து, மற்றொரு சாளரத்தின் வழியே அதே பெட்டிக்குத் திரும்புமாயின், அது பரிசன்று; உலாப்போன காசு. ‘கள்ளுண்ணாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவரின் நாளில் கடைகளை மூடுகின்றீர்கள். ஓர் அதிகாரத்துக்கு ஒருநாள் என்பது சிக்கனம்தான். பரிசு கொடுக்கும் வாரம் முழுவதும் மூடிவைத்தால் பரிசு வீட்டிலேயே தங்கும். இரண்டு கறவைகளில் பழையதை ஆண்டுக்கு ஆண்டு சிறிது குறைவாகக் கறந்து பழகினால், ஒருநாள் அவிழ்த்துவிடவும் துணிவு வரும்.

மூன்றாவது, எம் ஆத்தூர்ப் பக்கத்து ஆலை முதலாளிகளுக்கு. குச்சிக்கிழங்கு அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் இங்கே பல. 2023 இல் சேலத்து ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது, எமக்கும் பெருமையே. தொழிலாளருக்குப் பண்டிகைப் பணத்தைப் பண்டிகைக்கு முதல்நாள் மாலை, விளக்கேற்றும் வேளையில் கொடாதீர்கள். ஒரு வாரம் முன்னதாக, காலை வேளையில், கூடுமானால் அவர்தம் இல்லாள் வந்திருக்கும்போது கொடுங்கள். மாலையில் கொடுக்கும் காசுக்கு ஒரு வழிதான் தெரியும். காலையில் கொடுக்கும் காசுக்குத் துணிக்கடை, மளிகைக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் தெரியும்.

நான்காவது, எம் கலாசாலையின் பழைய மாணவர்களுக்கு. விடுமுறைக்கு ஊர் திரும்பி, பழைய நண்பரைக் கண்ட மகிழ்ச்சியில், “வா, ஒரு பீர்” என்று அழைக்கும் வழக்கம் சிலரிடத்தில் உண்டென்று கேள்வி. உங்கள் அன்பை யாம் ஐயுறவில்லை. அதன் வடிவத்தை மாற்றும்படி வேண்டுகின்றோம். ஆத்தூர் ஜவ்வரிசியில் பாயசம் வைத்து அழையுங்கள். இரண்டாவது கிண்ணத்துக்கும் யாம் மறுப்புச் சொல்லமாட்டோம். அல்லது எம் புத்தகசாலைக்கு ஒரு நூல் அனுப்புங்கள். ஒரு மாலைக்குச் செலவாகும் தொகையில் நல்ல நூலொன்று வரும். அதைப் படித்தவர் மறுநாட்காலையில் தலைவலியோடு எழுவதில்லை. தேர்வுக்கு முதல்நாள் படித்தாலன்றி.

ஐந்தாவது, எமக்கு. விடுதி அறையில் ‘கஞ்சி’ வாதம் கிளம்பும்போது, மேலே சொன்ன 52 மில்லி லிட்டர்க் கணக்கைச் சிரித்த முகத்தோடு எடுத்துச் சொல்லும் துணிவைப் பரிசாக விரும்புகின்றோம். பிறரை இகழ்ந்து சொல்லுவது எளிது. நட்பு முறியாமல் சொல்லுவது அரிது. அரியதைத்தானே பரிசாகக் கேட்கவேண்டும்?

பரிசு என்னும் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் எம் பழைய ஜில்லாவின் வள்ளல் ஒருவன் நினைவுக்கு வருகின்றான். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்குக் கள்ளும் வழங்கினான், நெல்லிக்கனியும் வழங்கினான். இரண்டையும் புறநானூறு மறைக்காமல் சொல்லுகின்றது. கொடுத்தவன் ஒருவனே, பெற்றவரும் ஒருவரே, அன்பும் ஒன்றே. ஆயினும் தமிழ்நாட்டுச் சிறு குழந்தையைக் கேட்டாலும், அதியமான் கொடுத்தது நெல்லிக்கனி என்றே விடை சொல்லும். கள்ளை அன்று மாலையே மறந்தார்கள். கனியை இன்றுவரை மறக்கவில்லை. இவ்விடுமுறைக்கு எதைக் கொடுப்பது என்று ஐயுறும் அன்பர்கள், நாளைக் காலையிலும் வீட்டில் இருப்பது எது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. நண்பர் அனைவர்க்கும் எம் விடுமுறை வாழ்த்துக்கள்.