பயிற்சி அதிகாரிக்கும் அதே அளவுகோல்தான்

2003 ஜனவரி 3ஆம் தேதி இரவு பெட்ரா பிராங்கா அருகே, நமது கடற்படையின் ஆர்எஸ்எஸ் கரேஜியஸ் சுற்றுக்காவல் கப்பல் வணிகக் கப்பல் ஒன்றுடன் மோதியது. கடற்படையைச் சேர்ந்த நான்கு பெண்கள் உயிரிழந்தனர். அப்போது கப்பலை வழிநடத்தியவர் பயிற்சியில் இருந்த அதிகாரி. அவரைக் கண்காணிக்க இன்னோர் அதிகாரி அருகில் இருந்தார். இருவருமே குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அனுபவம் குறைவு என்பதற்காக எதிர்பார்க்கப்படும் கவனத்தின் அளவு குறையாது என்று 2004ல் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கப்பலைச் செலுத்துவதற்கே இந்த அளவுகோல் என்றால், உண்மைக் குண்டுகளைச் சுட உத்தரவிடும் அதிகாரிக்கு எவ்வளவு கண்டிப்பு வேண்டும்? கப்பலின் திசையைக் கடைசி நேரத்திலும் மாற்ற முயலலாம். சுட்ட குண்டைத் திரும்ப அழைக்க வழியில்லை.

1992 அக்டோபரில் ஏஜியன் கடலில் நேட்டோ பயிற்சி நடந்தது. அமெரிக்காவின் சரடோகா கப்பல், துருக்கியின் முவாவெனெட் கப்பல்மீது இரண்டு ஏவுகணைகளைப் பாய்ச்சியதில் ஐவர் மாண்டனர். நடப்பது ஒத்திகை என்பது ஏவுகணைக் குழுவினருக்குச் சொல்லப்படவில்லை. ஒத்திகையில், உண்மைத் தாக்குதலுக்குரிய கட்டளைச் சொல் பயன்பட்டது.

ஆகவே, இலக்கைச் சரியாகத் தாக்குவது மட்டும் தேர்ச்சியாகாது. கட்டளையைத் தெளிவாகச் சொல்வது, மற்றவர் சரியாகப் புரிந்துகொண்டதை உறுதிசெய்வது, சந்தேகம் வந்தால் உடனே நிறுத்துவது ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டும். குண்டு வெடிக்காமல் பீரங்கிக் குழலில் தங்குவது, பயிற்சிப் பகுதிக்குள் படகு நுழைவது போன்ற சூழல்களைப் பாவனைப் பயிற்சியில் பலமுறை கொடுத்துப் பார்க்கலாம். அங்கே தவறினால் உயிர்ச்சேதம் இல்லை. தேர்ச்சியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடியும் சோதிப்பதும் அவசியம்.

இத்தனை சோதனைகள் வைத்தால் பயிற்சி தாமதமாகும் என்று சிலர் சொல்லலாம். ஆனால், 76 மில்லிமீட்டர் பீரங்கி உள்ள இன்டிபென்டன்ஸ் ரகக் கப்பலின் அடிப்படைக் குழுவில் 23 பேர்தான். ஆள் குறையக் குறைய ஒவ்வொருவரின் பொறுப்பும் கூடுகிறது.

புக்கிட் பாஞ்சாங்கில் என் புளோக்கிலேயே தேசிய சேவைக்குக் காத்திருக்கும் இளையர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரேனும் நாளை கடற்படை அதிகாரி ஆகலாம். சட்டம் அவர்களுக்குச் சலுகை காட்டாது. அப்படியிருக்க, முழுத் தகுதி வருமுன் அந்தப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைப்பது நியாயமில்லை. “இன்னும் பயிற்சி வேண்டும்” என்று ஓர் இளம் அதிகாரி சொன்னால், மேலதிகாரிகள் அதைப் பலவீனமாகக் கருதக்கூடாது.