போடியார் கையும் எம்.பி. கையெழுத்தும்

இலங்கையின் 1965 மார்ச் தேர்தலில் கல்முனை மக்கள் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர்மீதான இலஞ்சக் குற்றச்சாட்டு நிரூபணமானதாகத் தல்கொடபிட்டிய ஆணைக்குழு 1960இலேயே அறிக்கை தந்திருந்தது. தேர்தல் நடந்த அதே ஆண்டு நவம்பரில் தனிச்சட்டம் ஒன்று அவருடைய ஆசனத்தைப் பறித்தது. அவர் வழக்காடினார், சட்டம் செல்லும் என்று 1967இல் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) தீர்த்தது. நாடாளுமன்ற அதிகாரத்தின் எல்லையை அறியச் சட்ட மாணவர்கள் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். கல்முனை ஏன் அவரைத் தெரிந்தெடுத்தது என்பது எந்த நீதிமன்றத்திலும் வழக்காகவில்லை.

படிப்பறிவில்லாத சனம் என்பது சோம்பல் பதில். ஏறாவூரிலிருந்து கல்முனைப்பக்கம்வரை நீளும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்கள். அவற்றின் சொந்தக்காரரான போடிமார் பலருக்கு வீடு கிழக்கே எழுவான்கரையில். தமிழரோ சோனகரோ, முறை ஏறத்தாழ ஒன்றுதான். வயலில் வேலைசெய்யும் முல்லைக்காரனுக்கு விதைநெல், சாப்பாட்டு நெல், மகளின் கலியாணச் செலவு எல்லாம் போடியார் கொடுப்பார். சூடு மிதித்ததும் களவெட்டியிலேயே கழித்துக்கொள்வார். கழித்ததை ஒருவரும் களவென்று சொல்லவில்லை; கொடுத்ததை மறந்தவனைத்தான் நன்றிகெட்டவன் என்றார்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்ததும் அந்தக் கடனில் வாக்கும் சேர்ந்துகொண்டது. பின்னாளில் ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் காணிப் பேர்மிட்டும் விதைநெல்லின் இடத்துக்கு வந்தன.

நைஜீரிய அறிஞர் பீட்டர் எக்கே 1975இல் எழுதிய கட்டுரை நம்மூரைப் பார்த்து எழுதியதுபோலவே இருக்கிறது. காலனியாட்சி விட்டுப்போன இடத்தில் இரண்டு பொதுவெளிகள் உண்டு என்றார். ஊர்ச்சங்கப் பணத்தைத் தொட்டால் பழி. அரசாங்கப் பணத்தை எடுத்து ஊருக்குக் கொடுத்தால் புகழ்.

ஆகவே கணக்குக் கேட்கத் தெரியாத பண்பாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீச்சரக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மார் தாய்வழிக் குடிமுறைப்படி வருகிறவர்கள். ஒரு குடியின் வண்ணக்கரை மற்றக் குடிகள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்கும். பக்தியைவிடப் போட்டிதான் அங்கே நல்ல கணக்காய்வாளர். (அந்த முறையில் எல்லாச் சாதிக்கும் சமமான இடமிருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவு நிதியால் எம்.பி.யின் கைக்கும் கொடுக்கும் பலம் வந்தது. கோயில் மண்டபத்துக்குக் கூரைத்தகடு வந்து இறங்கினால் குடிகள் அதை ஒவ்வொன்றாக எண்ணும். லொறியில் ஏறுமுன் எத்தனை இருந்தது என்று கேட்பதுதான் மரியாதைக்கேடு.