பிளஸ் ஒன் ஆங்கில வகுப்பில் ஒரு கீரைக்காரப் பாட்டி

நீளமான பதிவுதான். நேரம் இருக்கிறவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் கடந்து போங்கள். பாதி படித்துவிட்டுத் திட்ட மட்டும் வராதீர்கள். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது கொத்தனார். அவனுடைய மகளைப் பற்றிய பதிவு இது. பிள்ளையிடமும் அப்பனிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர், பள்ளி எதுவும் போடவில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை. நல்ல மதிப்பெண். ஜூன் மாதம் பக்கத்து டவுனில் பிளஸ் ஒன் சேர்ந்தாள், உயிரியல்-கணிதம், ஆங்கில வழி. என்னை "டீச்சர் பாட்டி" என்றுதான் கூப்பிடுவாள்.

முதல் நாள் ஆங்கில வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து தன்னை அறிமுகப்படுத்தச் சொன்னார்களாம். மெட்ரிக்கில் இருந்து வந்த பிள்ளைகள் எழுந்து "மைசெல்ஃப்" என்று ஆரம்பித்துப் பெயரைச் சொன்னார்கள். இவள் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகியதைச் சொன்னாள், "ஐ ஆம் கமிங் ஃப்ரம்..." என்று. வகுப்பு சிரித்தது. (இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "மைசெல்ஃப்" என்று ஆரம்பிப்பதும் சரியான ஆங்கிலம் இல்லை. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. தவறு யார் வாயில் இருந்து வருகிறது என்பதைப் பார்த்துத்தான் சிரிப்பு வரும் போலிருக்கிறது.)

அது போகட்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள், மறந்தும் போவார்கள். எனக்குக் கோபம் அதில் இல்லை, இரண்டாவது வாரம் நடந்ததில்.

பிளஸ் ஒன் ஆங்கிலப் புத்தகத்தில் முதல் உரைநடைப் பாடம் குஷ்வந்த் சிங் தன் பாட்டியைப் பற்றி எழுதியது. "தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி". அருமையான பாடம். கிராமத்தில் பேரனும் பாட்டியும் ஒன்றாகப் பள்ளிக்கு நடந்து போவார்கள். நகரத்துக்கு வந்ததும் அவன் பஸ்ஸில் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விடுவான். அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்பது பாட்டிக்குப் புரியாது, பாடத்தில் உதவவும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பேருக்கும் நடுவில் தூரம் விழும். இந்தப் பாடத்தை நடத்திவிட்டு, "உங்கள் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரைப் பற்றி ஒரு பத்தி எழுதி வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார் ஆசிரியை. நல்ல வீட்டுப்பாடம். இதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

இவள் வீட்டிலும் ஒரு பாட்டி உண்டு, கொத்தனாரின் அம்மா. அவளைப் பற்றி ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அப்படியே தருகிறேன்:

"மை கிராண்ட்மதர் இஸ் செல்லிங் கீரை. டெய்லி ஷி வில் வேக் அப் ஃபோர் ஓ கிளாக். ஷி டோன்ட் நோ ரீடிங். பஸ் போர்டு ஐ வில் ரீட் அண்ட் டெல். ஒன் டே ஐ அப்சென்ட், ஷி கோ டு ராங் பஸ். கீரை ஆல் ட்ரை. ஷி நாட் ஸ்கோல்ட் மீ, ஷி லாஃப்."

ஏழு வாக்கியம். பிழை எண்ணினால் பத்துக்கு மேல் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படித்ததும் உங்களுக்குப் புரிந்ததா இல்லையா? பாட்டி கீரை விற்கிறவள், படிக்கத் தெரியாது, பேத்திதான் பஸ் போர்டைப் படித்துச் சொல்வாள், ஒருநாள் பேத்தி இல்லை, பஸ் மாறி ஏறிவிட்டாள், கீரை வாடிவிட்டது, திட்டவில்லை, சிரித்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை, தன் வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் சொல்லிக் கொடுக்காத ஏழு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள்.

முழுப் பத்திக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கீழே "ரெஃபர் நோட்ஸ்". அவ்வளவுதான்.

மற்ற பிள்ளைகள் என்ன எழுதினார்களாம்? பாதிப் பேர் கைடில் இருந்து, மீதிப் பேர் போனில் இருந்து. அந்தப் பாட்டிக்கு வெள்ளிக் கம்பி போல முடியாம். ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கப் போகும் முன் கதை சொல்வாளாம். எங்கள் வட்டாரத்தில் எந்த வீட்டில் ஆடும் நாற்காலி இருக்கிறது? அந்தப் பாட்டிக்கு "குட்". ஒரு வகுப்பில் முப்பது பேருக்கு ஒரே பாட்டி இருக்க முடியுமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் இதை நாலு வரியாகப் போட்டபோது ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் ஒருவர் வந்து, "இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்த நீங்கள் மேல்நிலை ஆங்கிலத்தைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஒன்றிலிருந்து ஐந்து வரை நடத்தியவள். நாலு கோடு நோட்டும், அதற்குப் பிறகு செயல்வழிக் கற்றல் அட்டையும் தெரியும், ஷேக்ஸ்பியர் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை முதல் வாக்கியத்தை எப்படி உண்டாக்குகிறது என்பது எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் அதைப் பார்ப்பதுதான் என் வேலை.

அதனால் அந்தப் பிழைகளைக் கொஞ்சம் பார்ப்போம் ஐயா. "ஷி டோன்ட் நோ" என்று ஏன் எழுதினாள்? தமிழில் எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாது. ஆள் மாறினாலும் "தெரியாது" மாறுவதில்லை. அப்புறம் அவளுக்கு மட்டும் "டோன்ட்" ஏன் "டஸன்ட்" ஆக வேண்டும் என்று பிள்ளைக்கு எப்படித் தோன்றும்? "வில் வேக் அப்" ஏன் வந்தது? தினமும் செய்வதை நாம் "நாலு மணிக்கு எழுந்திருப்பாள், கீரை கட்டுவாள்" என்று எதிர்கால வடிவில் சொல்கிறோம். அதை அப்படியே கொண்டு போயிருக்கிறாள். "டு" என்பதற்கு அடுத்து "தி" இல்லை, ஏனென்றால் தமிழில் அப்படி ஒரு பொருளே இல்லை. இதெல்லாம் கவனக்குறைவு கிடையாது. பிள்ளையின் மூளை வேலை செய்த தடம். இவளிடம் உட்கார்ந்து, "நம் மொழியில் இப்படி, அவர்கள் மொழியில் இப்படி" என்று பத்து நிமிடம் சொன்னால் இரண்டு பிழை ஆயுசுக்கும் போய்விடும். சிவப்புக் கோடு போட்டால் எந்தப் பிழையும் போகாது, எழுதுவதுதான் போகும்.

கைடில் இருந்து எழுதியவனிடம் பிழையே இல்லை. ஏன் என்றால் அவன் எழுதவே இல்லை.

இன்னொன்று. அதே புத்தகத்தின் முதல் கவிதை நைஜீரியாவின் கேப்ரியல் ஒகாரா எழுதியது. ஓய்வுக்குப் பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1964இல் "தி வாய்ஸ்" என்று ஒரு நாவல் எழுதினார். தன் தாய்மொழியான இஜாவின் வாக்கிய அமைப்பிலேயே ஆங்கிலத்தை வளைத்து எழுதினார், வேண்டுமென்றே. உலகம் அதை இலக்கியம் என்று வைத்துப் படிக்கிறது. ஒகாரா ஆங்கிலம் தெரிந்து வளைத்தார், இந்தப் பிள்ளை தெரியாமல் வளைத்தாள், இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். ஆனாலும் தாய்மொழியின் சாயல் விழுந்த ஆங்கிலம் என்றாலே குப்பை என்று கோடு போடுகிறவர்கள், தாங்கள் நடத்தும் கவிஞர் யார் என்றாவது பிள்ளைகளிடம் சொல்லலாம் அல்லவா?

அந்த ஐயா சொன்ன மற்றக் காரணங்களையும் விட்டுவிடவில்லை. வகுப்பில் அறுபது பிள்ளை, ஒரு ஆசிரியை எத்தனை நோட்டைத் திருத்துவார்? தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்கிறார்கள். ஐந்து மதிப்பெண் வினாவுக்குச் சொந்தமாக எழுதி ஒன்றரை வாங்குவதைவிட மனப்பாடம் செய்து நான்கு வாங்குவது பிள்ளைக்கு நல்லதில்லையா? உண்மைதான். அந்த ஆசிரியை கெட்டவர் இல்லை. நோட்டு மலையைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சலிப்பு தெரியும். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அறுபது நோட்டையும் அன்றைக்கே திருத்து என்று யார் சொன்னது? ஒரு நாளைக்குப் பத்து நோட்டு. ஒரு நோட்டில் ஒரே ஒரு வகைப் பிழை, இந்த வாரம் "டோன்ட்-டஸன்ட்" மட்டும், மற்றதைக் கண்டுகொள்ளாமல் விடு. கோடு போடுகிற நேரம்தான் அதற்கும் ஆகும்.

கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்கிற அதிகாரிகளிடம்தான் எனக்கு இன்னும் பெரிய கேள்வி இருக்கிறது. எத்தனை பேர் தேர்ச்சி என்று கேட்கிறீர்களே, எத்தனை பேர் சொந்தமாக ஒரு பத்தி எழுதுவார்கள் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா?

சிவப்புக் கோட்டுக்குப் பிறகு பிள்ளை வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. தமிழ் வழிக்கே மாறிவிடுகிறேன் என்று வீட்டில் அழுதிருக்கிறாள். அப்பன் என்னிடம் வந்தான். "மாத்திடலாமா டீச்சர்?" என்றான். தமிழ் வழியில் படிப்பதில் ஒரு இழுக்கும் இல்லை, அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010 சட்டத்தில் இருந்தே இருக்கிறது. 2020இல் திருத்தம் வந்த பிறகு, பட்டம் கேட்கிற வேலை என்றால் பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் எல்லாமே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆங்கில வழியில் சேர்ந்த அன்றே அவள் அதை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். அந்தக் கணக்கு அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, சொன்னேன். ஆனால் ஆங்கிலப் பாடத்துக்குப் பயந்து மாறுவதில் அர்த்தமே இல்லை. எந்த வழியில் படித்தாலும் ஆங்கிலப் பாடத்துக்கு அதே புத்தகம்தான், அதே தேர்வுதான். குஷ்வந்த் சிங்கின் பாட்டி அங்கேயும் இருப்பாள்.

அப்போதுதான் அவன் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். "நீங்க மட்டும் என்ன டீச்சர், எனக்குப் பசு கட்டுரையை அடிச்சீங்களே."

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அவனுக்கு இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் பசு பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னேனாம். அவன் "எங்க வீட்ல பசு இல்ல. எதிர் வீட்ல இருக்கு. அது என்ன முட்டிச்சு" என்று எழுதினானாம். நான் அடித்துவிட்டு, "பசு ஒரு வீட்டு விலங்கு" என்று பத்து தடவை எழுத வைத்தேனாம். செய்திருப்பேன். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தேன். அதுவும் தமிழில்! தாய்மொழியில் எழுதிய சொந்த வாக்கியத்தையே அடித்தவள் நான். ஆங்கில ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் அந்த ஐயாவின் கேள்வியைவிட இதுதான் சரியான கேள்வி. அவன் சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மேல்நிலையில் போடுகிற கோட்டுக்கு நாங்கள் தொடக்கப் பள்ளியிலேயே ஸ்கேல் வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

பிள்ளை மாறவில்லை, ஆங்கில வழியிலேயே இருக்கிறாள். முதல் இடைப்பருவத் தேர்வும் முடிந்தது. அதே முதியவர் பத்தி ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்ததாம். நாலு வாங்கியிருக்கிறாள். அப்பனுக்கு ஒரே சந்தோஷம், மிக்சர் பொட்டலத்தோடு வந்தான். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். வெள்ளிக் கம்பி முடி. ஆடும் நாற்காலி. ஒரு பிழை இல்லை.

"எப்படிம்மா இருக்கு இப்போ?" என்று கேட்டேன்.

"இப்ப ஈசிதான் டீச்சர் பாட்டி. எழுத வேண்டியதில்ல, ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்."

இதைக் கேட்டுச் சந்தோஷப்படச் சொல்கிறீர்களா? அந்தத் தேர்வு நேரத்தில் அவளுடைய சொந்தப் பாட்டி சந்தையில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் இவள் போய் பஸ் போர்டு படித்துச் சொன்னால்தான் வீடு வந்து சேர்வாள்.

கோடு போட்ட அந்தப் பக்கத்தைப் பிள்ளை கிழித்துப் போடப் போனாள். நான் கேட்டு வாங்கி என் டைரிக்குள் வைத்திருக்கிறேன். நட்புப் பட்டியலில் ஆங்கில ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மேலே அந்த ஏழு வாக்கியத்தையும் தந்திருக்கிறேன். ஐந்துக்கு எத்தனை போடுவீர்கள், முதலில் எந்தப் பிழையைத் திருத்துவீர்கள், இரண்டை மட்டும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வருவாள், அவளிடம் காட்டுவேன்.