பழைய கணினியை ஏலத்தில் விடாதீர்கள், அதில் நேத்ராவைப் பதியுங்கள்

ஸ்மார்ட் போர்டுக்கு நன்கொடை தேடும் அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் இந்தப் பதிவு. பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளுக்கு முதல் தேவை அதுவல்ல. ஸ்டோர் ரூமில் தூசி பிடித்துக் கிடக்கும் ஒரு கணினிக்கு லினக்ஸ் போட்டு, தொலைக்காட்சிப் பாடங்களைப் பதிவு செய்து வைக்கும் பெட்டியாக மாற்றுவதுதான் முதல் வேலை என்பது எங்கள் கருத்து. சிரிப்பவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

2020இல் கொரோனாவுக்குப் பாடசாலைகளை மூடியபோது 'குரு கெதர' பாடங்கள் சிங்களத்தில் சனல் ஐயிலும், தமிழில் நேத்ராவிலும் போனது நினைவிருக்கும். நல்ல முயற்சிதான். ஆனால் லயத்தில் வீட்டுக்கு ஒரு டிவி. மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்பு. அம்மா கொழுந்து மலையில். பதினோராம் ஆண்டுப் பிள்ளை தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் திரிகோணகணிதம் முடிந்துவிட்டால் முடிந்ததுதான். வகுப்பில் என்றால் கையைத் தூக்கி "சேர், விளங்கல்ல" என்று கேட்கலாம். டிவியிடம் யார் கேட்பது?

"யூடியூபில் இருக்கே, இ-தக்சலாவ இருக்கே" என்பவர்கள் டவுனில் இருப்பவர்கள். 2021இல் லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையிலும் மரத்திலும் ஏறிய படங்கள் உலகமெல்லாம் போயின. தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்ததும் அதே வருடம்தான். அந்தச் சம்பளத்தில் டேட்டா போட்டு ஒரு பாடத்தை மூன்று தடவை பார்க்கச் சொல்வது நியாயமா? பென்டிரைவில் இருக்கும் பாடத்தை முப்பது தடவை பார்த்தாலும் செலவில்லை. இப்போது லயங்களில் இருக்கும் பல டிவிகளில் அதைச் சொருக இடமும் இருக்கிறது.

இனி பெட்டி. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. கணினி அறைகளில் உள்ள பழைய கணினிகள் பலவற்றில் 11 ஏறாது. அவற்றைக் கழித்து ஒதுக்கும் முன் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுப் பாருங்கள், 2 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும். பழைய பிசிஐ துளை இருந்தால் ஹாப்பாஜ் பிவிஆர்-150 மாதிரியான பாவித்த ட்யூனர் கார்ட் ஒன்று தேடுங்கள். படத்தைச் சுருக்கும் வேலையைக் கார்டே செய்துவிடும், கணினி சும்மா எழுதிக்கொண்டிருந்தால் போதும். அன்டெனா கம்பியையும் கொடுக்கலாம். மலை மறைத்து நேத்ரா புள்ளி புள்ளியாக விழும் இடங்களில் டிஷ் பெட்டியின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளைக் கொடுக்கலாம். அப்படியென்றால் பெட்டியை நேத்ராவிலேயே விட்டுவைக்க வேண்டும். கிரிக்கெட் பார்க்க யாரும் மாற்றாமல் காவல் இருப்பதுதான் கஷ்டம்!

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் மலிவாக விற்கும் டிவிபி-டி2 குச்சிகளை வாங்காதீர்கள். எங்கள் தரைவழி ஒளிபரப்பு இன்னும் அனலொக். மாறினாலும், 2014இல் தெரிவு செய்தது ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையை. அந்தக் குச்சி இரண்டையும் பிடிக்காது.

மித்டிவி என்ற மென்பொருளைப் பலர் சொல்வார்கள். 2002இலிருந்து இருக்கிறது, பழுத்த மென்பொருள். ஆனால் நிகழ்ச்சி அட்டவணை இருந்தால்தான் அதற்கு ருசி, அனலொக்கில் அது வராது. எங்களுக்குப் பிடித்தது லினக்ஸோடு கூடவே வரும் க்ரொன். "திங்கள் நாலு மணிக்குத் தொடங்கு, ஐந்துக்கு நிறுத்து" என்று இரண்டு வரி, அவ்வளவுதான். ஒரு மணித்தியாலம் சுமார் 2 ஜிபி வரும். எஃப்எஃப்எம்பெக்கால் சுருக்கினால் 450 எம்பி அளவில் நிற்கும், 32 ஜிபி பென்டிரைவில் ஒரு தவணைக்கே காணும். வகுப்பில் போட்டுக் காட்ட கோடி போதும். பெயர்தான் கோடி, சதம் செலவில்லை.

"களவாகப் பதிவதா?" என்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், கற்பித்தலை நியாயமான பயன்பாட்டுக்குள் சேர்த்திருக்கிறது, வகுப்புக்குத் தேவையான பிரதிகள் உட்பட. நாடகத்தையும் படத்தையும் பதிந்து கடைக்குக் கொடுப்பது வேறு கதை, அதற்கு நாங்கள் ஆளில்லை.

கரண்ட் இல்லாவிட்டால் இந்தப் பெட்டியும் செத்ததுதான். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வெட்டிய மாதிரி மீண்டும் வந்தால் அந்த நாளின் பாடம் போய்விடும். ஆனால் அதற்கு முந்திய நூறு பாடங்கள் டிஸ்க்கில் இருக்கும். 2020இலேயே எல்லா வலயத்திலும் இப்படி ஒன்று இருந்திருந்தால், டித்வா புயலில் பாதைகள் அடைபட்டுப் பாடசாலைகள் மூடிக் கிடந்த நாட்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு நூலகமே கையில் இருந்திருக்கும்.

பதுளைப் பக்கம் எந்த அதிபருக்காவது விருப்பம் என்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சனிக்கிழமையில் வந்து பூட்டித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் உங்களுடையது. பகல் சாப்பாடும்தான்.