முதல் பேட்மிண்டன் மட்டை... முழங்கையைக் கேட்டு வாங்குங்கள்!

இறகுப்பந்தின் எடை எவ்வளவு தெரியுமா உங்களுக்கு? சுமார் ஐந்து கிராம். விதிப்படி 5.50 கிராமைத் தாண்டக்கூடாது. உங்கள் பர்ஸில் கிடக்கிற ஐந்து ரூபாய் நாணயம்கூட அதைவிடக் கனம்!

இத்தனை லேசான ஒன்றை அடிப்பதற்குத்தான் சிலர் எடுத்த எடுப்பிலேயே ஐயாயிரம், ஆறாயிரம் போட்டு மட்டை வாங்குகிறார்கள். டி.வி.யில் பெரிய வீரர் பிடிக்கிற மட்டையாம்! இரண்டு மூன்று மாதத்தில் 'டாக்டர், முழங்கை வெளிப்பக்கம் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது... காபி டம்ளரைக்கூடத் தூக்க முடியலை' என்று என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். பிள்ளைகளைவிட, 'சுகர் வந்திடுச்சு, ஏதாவது விளையாடணும்' என்று நாற்பது வயதில் கிளம்பும் அப்பாக்கள்தான் இதில் அதிகம்.

உளுந்துத் தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்தால் வலி தணியும். ஆனால் அதே மட்டையை மறுபடி எடுத்தால் வலியும் மறுபடி வரும். ஏனென்றால் மணிக்கட்டை மேலே நிமிர்த்துகிற தசைகளெல்லாம் முழங்கையின் வெளி எலும்பில்தான் போய்ப் பிடிக்கின்றன. விறைப்பான மட்டையில் அடி தவறும்போது அதிர்ச்சி நேராக அங்கேதான் இறங்கும். புதிதாக ஆடுபவருக்கு அடி தவறாமல் இருக்குமா, என்ன?

ஆகவே, விலைச்சீட்டைப் பார்க்குமுன் மட்டையில் ஒட்டியிருக்கிற சின்ன எழுத்துக்களைப் பாருங்கள். '4யூ' என்றிருந்தால் 80 முதல் 84 கிராம். '5யூ' என்றால் 75 முதல் 79. முதல் மட்டைக்கு இந்த இரண்டில் ஒன்று போதும். தலைப்பக்கம் கனமாக இருந்தால் வேகமாக அடிக்கலாம் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். இப்போதைக்கு வேண்டாம். சமமான எடையுள்ளதாக, தண்டு கொஞ்சம் வளைந்து கொடுப்பதாகக் கேளுங்கள். வளைகிற தண்டு பாதி வேலையைத் தானே செய்துவிடும்.

நரம்பின் இறுக்கத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். '30 பவுண்டு தாங்கும் சார்' என்பார்கள். தாங்கட்டும், நமக்கென்ன? நரம்பை 20 முதல் 22 பவுண்டுக்குள் கட்டச் சொல்லுங்கள். இறுக்கம் குறைந்தால் பந்து துள்ளிப் போகும், கைக்கும் சுகம்.

பிடி பருமனாக இருந்தால் விரல்கள் சோரும். ரொம்ப மெலிந்திருந்தாலோ நம்மை அறியாமல் இறுக்கிப் பிடிப்போம், அதுவும் முழங்கைக்கு ஆகாது. பிடித்துப் பார்க்கும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல் அளவு இடைவெளி இருந்தால் சரி. சந்தேகமாக இருந்தால் மெலிந்ததையே எடுங்கள். துணிப்பட்டை சுற்றிப் பருமனாக்கிக் கொள்ளலாம், பருமனைக் குறைப்பதுதான் கஷ்டம்.

ஜோடியாக உறையில் போட்டு மலிவாக விற்கும் இரும்புத்தண்டு மட்டைகள்? மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தட்டி விளையாட அவை தாராளம். தினம் ஒரு மணி நேரம் ஆடுவதற்கு ஆகாது. கனமும் அதிகம், தலையும் தண்டும் சேருமிடத்தில் சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும். முழுக்க கிராஃபைட்டில் செய்த எளிய மட்டைகள் ஆயிரத்து ஐநூறு ரூபாய் சுமாரிலேயே கிடைக்கின்றன. என் அபிப்பிராயத்தில் ஒரு வருஷத்துக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நீளம் குறைந்த சிறுவர் மட்டைதான். 'வளர்ற பிள்ளை' என்று சட்டை வாங்குகிற மாதிரி பெரிசாக வாங்காதீர்கள்!

மிச்சப்பட்ட பணத்தில் ஷூ வாங்குங்கள். உள்ளரங்கில் ஆடுவதானால், தரையில் கறை படுத்தாத ரப்பர் அடிப்பாகம் கொண்டதாக இருக்கட்டும். குதிகால் உயர்ந்த ஓட்டப்பந்தய ஷூவில் பக்கவாட்டில் தாவினால் கணுக்கால் பிசகும். பழகும் வரை நைலான் பந்தே போதும், இறகுப் பந்து சட்டென்று பிய்ந்து காசைக் கரைக்கும்.

இவ்வளவும் பார்த்து வாங்கியும் முழங்கை வலித்தால் ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். வரும்போது மறக்காமல் மட்டையையும் எடுத்து வாங்க. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.